எத்தனை வாட் போதும்?

ஏற்காட்டுக்குச் சுற்றுலா சென்ற மாணவர்கள் சேர்வராயன் கோயிலைப் பார்க்காமல் திரும்பியிருக்க மாட்டீர்கள். கடல் மட்டத்திலிருந்து 5,326 அடி, அதாவது சுமார் 1,620 மீட்டர் உயரத்தில் ஒரு பரந்த புல்வெளி. அங்கே தலை குனிந்து நுழைய வேண்டிய ஒரு குகை; உள்ளே சேர்வராயனும் காவேரியம்மனும். மே மாதத் திருவிழாவின்போது மலைக் கிராமங்களெல்லாம் அங்கே கூடிவிடும். வெளியே வந்ததும் நாம் மேகத்தைப் பார்ப்போம், பள்ளத்தாக்கைப் பார்ப்போம். காலடியில் கிடக்கும் செம்மண்ணைப் பார்ப்பவர்கள் மிகச் சிலரே.

அந்த மண்ணுக்கு ஒரு வரலாறு உண்டு. சேர்வராயன் மலையின் மேற்பரப்பில் பாக்சைட் என்னும் அலுமினியத் தாது இருக்கிறது. இங்கிருந்து வெட்டியெடுத்த தாது மேட்டூரிலிருந்த அலுமினிய ஆலைக்குப் போயிற்று. 1965 முதல் அங்கே அலுமினியம் உருக்கப்பட்டது. 2008-இல் உருக்குவது நின்றுவிட்டது.

அலுமினியத்தைத் தாதுவிலிருந்து பிரிப்பதற்கு வெறும் நெருப்புப் போதாது, மின்சாரம் வேண்டும். அதுவும் ஒரு விசித்திரமான மின்சாரம். மின்பகுப்புத் தொட்டி ஒன்றுக்கு வேண்டிய மின்னழுத்தம் நாலைந்து வோல்ட்தான். நம் வீட்டு டார்ச் விளக்கில் மூன்று செல்களைப் போட்டால் கிடைப்பது அவ்வளவே. ஆனால் தொட்டியின் வழியே பாய வேண்டிய மின்னோட்டமோ பல்லாயிரம் ஆம்பியர்! மேலும் அது ஒரே திசையில் பாயும் நேர்திசை மின்னோட்டமாக இருக்க வேண்டும். மின்கம்பியில் வருவதோ உயர் அழுத்தத்தில் வரும் மாறுதிசை மின்னோட்டம். இரண்டையும் இணைத்து வைக்க, நடுவே மின்மாற்றிகளும் மின்திருத்திகளும் நிற்கின்றன.

‘கணிப்பொறியைப் பற்றிய கட்டுரையில் அலுமினிய ஆலைக்கு என்ன வேலை?’ என்று நீங்கள் கேட்கலாம். ஆலையில் அந்தப் பெரிய இயந்திரங்கள் செய்த அதே வேலையை, உங்கள் கணிப்பொறிப் பெட்டியின் மூலையில் செங்கல் அளவில் உட்கார்ந்திருக்கும் ஒரு பெட்டி செய்கிறது. அதன் பெயர் பவர் சப்ளை. கணிப்பொறி வாங்கும்போது எல்லோரும் கடைசியாக நினைத்துப் பார்க்கும் பொருள் அது. மிச்சமிருக்கும் பணத்தில் ‘ஏதோ ஒன்றைப் போடுங்கள்’ என்று கடைக்காரரிடம் சொல்லிவிடுகிறோம். பெற்றோர் சேமித்துக் கொடுத்த பணத்தில் வாங்கிய விலை உயர்ந்த கருவிகள் அத்தனையும் அந்த ‘ஏதோ ஒன்றின்’ தயவில்தான் இயங்குகின்றன. ஆகவே அதை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று இங்கே கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். உங்கள் பாடப் புத்தகத்திலுள்ள இயற்பியலே இதற்குப் போதும்.

பெட்டிக்குள் நடப்பது என்ன?

சுவரிலுள்ள பிளக்கில் கிடைப்பது 230 வோல்ட் மாறுதிசை மின்னோட்டம். அது விநாடிக்கு 50 முறை ஊசலாடுகிறது. 230 என்பது ஒருவகைச் சராசரி மதிப்பு; ஊசலின் உச்சத்தில் மின்னழுத்தம் ஏறத்தாழ 325 வோல்ட் வரை போகும். பவர் சப்ளை முதலில் இதை நேர்திசை மின்னோட்டமாகத் திருத்துகிறது. நல்ல பவர் சப்ளைகளில் இது சுமார் 380 வோல்ட்டாக உயர்த்தப்பட்டு, ஒரு பெரிய மின்தேக்கியில் சேர்த்து வைக்கப்படுகிறது.

அடுத்து நடப்பது வேடிக்கையானது. இவ்வளவு பாடுபட்டு நேராக்கிய மின்னோட்டத்தை டிரான்சிஸ்டர்கள் மறுபடியும் துண்டு துண்டாக வெட்டுகின்றன. அதுவும் விநாடிக்குப் பல்லாயிரம் முறை, சிலவற்றில் லட்சம் முறைக்கு மேலும்! ஏன் இந்த வீண் வேலை? வீண் வேலை இல்லை. மின்மாற்றியில் தூண்டப்படும் மின்னழுத்தம் காந்தப் பாயம் எவ்வளவு வேகமாக மாறுகிறது என்பதைப் பொறுத்தது என்று படித்திருக்கிறீர்கள். அதிர்வெண் கூடினால், குறைந்த உள்ளகமும் குறைந்த சுற்றுகளும் கொண்ட மின்மாற்றியே அதே திறனைக் கடத்திவிடும். 50 ஹெர்ட்சில் பல கிலோ எடையுள்ள இரும்பு மின்மாற்றி செய்ய வேண்டிய வேலையை, லட்சம் ஹெர்ட்சில் உள்ளங்கையில் அடங்கும் மின்மாற்றி செய்து முடிக்கிறது.

அந்தச் சின்ன மின்மாற்றி அழுத்தத்தைத் தாழ்த்தியபின், மீண்டும் திருத்தி, 12 வோல்ட், 5 வோல்ட், 3.3 வோல்ட் என்று பிரித்துக் கொடுக்கிறார்கள். இவற்றுள் முக்கியமானது 12 வோல்ட். கணக்குப் போடும் பிராசஸரும், படம் வரையும் கிராபிக்ஸ் கார்டும் அதிலிருந்துதான் உணவு பெறுகின்றன. அவை இந்த 12 வோல்ட்டையும் தமக்குள் இன்னும் குறைத்து, ஏறத்தாழ 1 வோல்ட் ஆக்கிக்கொள்கின்றன. ஒரு சிப்பு 1 வோல்ட்டில் 300 வாட் செலவழித்தால், அதன் வழியே பாயும் மின்னோட்டம் 300 ஆம்பியர். நம் வீட்டின் மெயின் பியூஸ் தாங்குவதைவிடப் பல மடங்கு! குறைந்த அழுத்தம், பெரிய மின்னோட்டம் என்னும் மேட்டூர்த் தொட்டியின் கதை, நகத்தைவிடச் சற்றே பெரிய சிலிக்கான் தகட்டில் மறுபடியும் நடக்கிறது.

63 வாட்டிலிருந்து 575 வாட்டுக்கு

1981-இல் ஐபிஎம் நிறுவனம் தன் முதல் ‘பர்சனல் கம்ப்யூட்டரை’ வெளியிட்டபோது, அதிலிருந்த பவர் சப்ளையின் திறன் 63.5 வாட். ஒரு குண்டு பல்புக்கு வேண்டிய அளவு. முழுக் கணிப்பொறியும் அதிலேயே ஓடியது.

2022-இல் வந்த என்விடியா ஆர்டிஎக்ஸ் 4090 என்னும் கிராபிக்ஸ் கார்டு ஒன்று மட்டுமே 450 வாட் வரை எடுத்துக்கொள்ளும். 2025-இல் வந்த ஆர்டிஎக்ஸ் 5090 கார்டுக்கு 575 வாட். ஐபிஎம் கணிப்பொறிகள் ஒன்பதுக்கு வேண்டியது இந்த ஒரு கார்டுக்கு!

இந்த எண்ணின் கனம் புரிய ஒரு சின்னக் கணக்கு. சேலம் நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டரில் இருக்கிறது. 60 கிலோ எடையுள்ள ஒரு மாணவர் சேலத்திலிருந்து சேர்வராயன் கோயில் வரை ஏறுகிறார் என்று வைத்துக்கொள்வோம். உயரம் 1,340 மீட்டர். புவியீர்ப்புக்கு எதிராக அவர் செய்யும் வேலை 60 × 9.8 × 1,340, அதாவது சுமார் 7 லட்சத்து 88 ஆயிரம் ஜூல். 450 வாட் கார்டு ஒன்று இவ்வளவு ஆற்றலைச் செலவழிக்க எத்தனை நேரம் ஆகும்? 7,88,000-ஐ 450-ஆல் வகுத்தால் சுமார் 1,750 விநாடி. அரைமணிக்கும் ஒரு நிமிடம் குறைவு! ஒரு நாள் முழுக்க மூச்சு வாங்க ஏறும் மலையை, விளையாட்டுப் பிரியர் ஒருவரின் கார்டு அரைமணிக்கு ஒரு தடவை ‘ஏறி’ முடிக்கிறது. அத்தனை ஆற்றலும் கடைசியில் வெப்பமாகிறது.

கூட்டல் கணக்கு

இனி, வேண்டிய திறனைக் கணக்கிடுவோம். நடுத்தரமான ஒரு விளையாட்டுக் கணிப்பொறியை எடுத்துக்கொள்வோம்.

ஏஎம்டி ரைசன் 7 7800எக்ஸ்3டி பிராசஸர்: அதிகபட்சம் 162 வாட்
ஆர்டிஎக்ஸ் 4070 கிராபிக்ஸ் கார்டு: 200 வாட்
மதர்போர்டு, நினைவகம், டிஸ்க், விசிறிகள் எல்லாம் சேர்த்து: சுமார் 70 வாட்
மொத்தம்: 432 வாட்

பிராசஸர் பெட்டியின் மேல் ‘120 வாட்’ என்று அச்சிட்டிருக்கும். அதைப் பார்த்து ஏமாறக் கூடாது. அது குளிர்விப்பானைத் தேர்ந்தெடுப்பதற்காகச் சொல்லும் எண். பிராசஸர் எடுத்துக்கொள்ளக்கூடிய உச்ச அளவு அதைவிடக் கூடுதல்.

சரி, 432 வாட் என்று தெரிந்துவிட்டது. 450 வாட் பவர் சப்ளை வாங்கிவிடலாமா?

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்குப் போகும் பேருந்தை நினைத்துப் பாருங்கள். பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். வழி நெடுகச் செலவாகும் திறனைச் சராசரி எடுத்து அந்தச் சராசரிக்கு ஏற்ற எஞ்சினைப் பொருத்தினால் என்ன ஆகும்? சமதளத்தில் வண்டி சுகமாக ஓடும். செங்குத்தான வளைவில், ஐம்பது பயணிகளுடன், நின்றுவிடும். எஞ்சினைத் தேர்ந்தெடுப்பது மிகக் கடினமான அந்த ஒரு வளைவுக்காகத்தான்.

பவர் சப்ளையும் அப்படியே. விளையாட்டில் நீங்கள் அமைதியான காட்டில் நடக்கும்போது கார்டுக்கு வேலை குறைவு. திடீரென்று ஒரு வெடிப்பு, புகை, நூறு எதிரிகள்! கோடிக்கணக்கான டிரான்சிஸ்டர்கள் ஒரே நேரத்தில் விழித்துக்கொள்கின்றன. அந்தக் கணத்தில் கார்டு கேட்கும் திறன், அட்டையில் போட்டிருக்கும் அளவையும் தாண்டிவிடும். பத்தாயிரத்தில் ஒரு பங்கு விநாடியே நீடிக்கும் தாவல் அது. ஆனாலும் பவர் சப்ளைக்குள் இருக்கும் பாதுகாப்புச் சுற்று அதைக் குறுக்குச்சுற்று என்று எண்ணி, எல்லாவற்றையும் நிறுத்திவிடக் கூடும். திரை இருண்டுவிடும். விளையாடுபவர், ‘கார்டு கெட்டுவிட்டது’ என்றோ ‘விளையாட்டு நிரலில் பிழை’ என்றோ நினைப்பார். புதிய கார்டு வாங்கப் பணமும் செலவழிப்பார். குற்றவாளி பெட்டியின் மூலையில் மௌனமாக இருக்கும்.

இந்தத் தாவல்களைக் கருதியே 2022-இல் வெளியான ஏடிஎக்ஸ் 3.0 என்னும் விதிமுறையில், புதிய வகைக் கார்டுகளுக்கான பவர் சப்ளை தன் அளவைப் போல இரு மடங்கு வரையிலான தாவலை 100 மைக்ரோ விநாடி தாங்க வேண்டும் என்று எழுதினார்கள். வாங்கும்போது இந்த முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள்.

ஆகவே, கூட்டி வந்த தொகையின் மேல் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை சேர்த்துக்கொள்வது நல்ல வழக்கம். நம் 432 வாட்டுக்கு இது 576 முதல் 648 வாட். கடையில் கிடைக்கும் அளவுகளில் 650 வாட் பொருத்தம். அந்தக் கார்டைச் செய்தவர்கள் பரிந்துரைப்பதும் 650 வாட்டே.

பெரிய இயந்திரமென்றால்? 253 வாட் வரை போகும் இன்டெல் கோர் ஐ9-14900கே பிராசஸரும், 450 வாட் ஆர்டிஎக்ஸ் 4090 கார்டும், மற்றவற்றுக்கு 80 வாட்டும் சேர்ந்தால் 783 வாட். இதற்கு 1,000 வாட் பவர் சப்ளை வைத்தால் நிம்மதி.

அட்டையைப் படியுங்கள்

பெட்டியின் மேல் ‘650’ என்று பெரிய எழுத்தில் அச்சிட்டிருந்தால் போதாது. பவர் சப்ளையின் பக்கவாட்டில் ஒரு சிறு அட்டவணை ஒட்டியிருப்பார்கள். அதில் 12 வோல்ட்டுக்கு நேரே எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். திறன் என்பது மின்னழுத்தத்தையும் மின்னோட்டத்தையும் பெருக்கி வருவது அல்லவா?

54 ஆம்பியர் என்றிருந்தால், 12 × 54 = 648 வாட். சொன்ன சொல் மெய். அதே ‘650 வாட்’ பெட்டியில் 12 வோல்ட்டுக்கு நேரே 30 ஆம்பியர் என்றிருந்தால், உங்கள் கார்டுக்கும் பிராசஸருக்கும் உண்மையில் கிடைப்பது 360 வாட்தான். மீதியை 5 வோல்ட்டிலும் 3.3 வோல்ட்டிலும் கூட்டிக் காட்டியிருப்பார்கள். அங்கே அதைக் கேட்பார் இல்லை. அட்டவணையே இல்லாத பெட்டியைத் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுங்கள்.

அடுத்து, பயனுறுதிறன். சுவரிலிருந்து வாங்கும் ஆற்றல் முழுவதும் கணிப்பொறிக்குப் போய்ச் சேருவதில்லை. ஒரு பங்கு பெட்டியிலேயே வெப்பமாகிறது. 2004-இல் தொடங்கிய ‘80 பிளஸ்’ என்னும் தரச்சான்று இதைத்தான் அளக்கிறது. குறைந்தது 80 விழுக்காடு பயனுறுதிறன் உள்ளவற்றுக்கு அந்த முத்திரை. வெண்கலம், வெள்ளி, தங்கம் என்று மேலே போகப் போக இழப்பு குறைகிறது.

கணிப்பொறி 400 வாட் கேட்கிறது என்போம். 90 விழுக்காடு பயனுறுதிறன் உள்ள பவர் சப்ளை சுவரிலிருந்து 444 வாட் எடுக்கும். 44 வாட் வெப்பம். 75 விழுக்காடு உள்ளது 533 வாட் எடுக்கும். 133 வாட் வெப்பம். வித்தியாசம் 89 வாட். நாளுக்கு 4 மணி நேரம், மாதம் 30 நாள் என்றால் 10 யூனிட்டுக்கு மேல் வீண்.

இங்கே ஒரு தவறான எண்ணத்தையும் களைந்துவிட வேண்டும். ‘1,000 வாட் பவர் சப்ளை போட்டால் எப்போதும் 1,000 வாட் எரியுமே!’ என்று பயப்படுகிறவர்கள் உண்டு. அப்படி இல்லை. பெரிய தொட்டி வைத்திருப்பதால் யாரும் அதிகத் தண்ணீர் குடிப்பதில்லை. கணிப்பொறி கேட்பதை மட்டுமே பவர் சப்ளை கொடுக்கும். ஆனால் அளவுக்கு மீறிப் பெரிதாக வாங்குவதிலும் பயனில்லை. மிகக் குறைந்த சுமையில் பயனுறுதிறன் இறங்கிவிடுகிறது, விலையும் வீண்.

மின்தேக்கியின் ஆயுள்

பவர் சப்ளைக்குள் இருக்கும் பெரிய மின்தேக்கியைப் பிரித்தால் உள்ளே சுருட்டி வைத்த அலுமினியத் தாள் இருக்கும். அதன்மேல் மெல்லிய அலுமினிய ஆக்சைடு படலம், அதுவே மின்காப்பு. பாக்சைட்டில் இருப்பதும் அலுமினிய ஆக்சைடுதானே! தாள்களுக்கிடையே ஈரமான மின்பகு கரைசல் ஊறியிருக்கும். வெப்பம் ஏற ஏற இந்த ஈரம் மெல்ல வெளியேறி, மின்தேக்கி உலர்ந்துபோகும்.

இதற்குப் பொறியாளர்கள் வைத்திருக்கும் எளிய விதி: வெப்பநிலை 10 டிகிரி குறைந்தால் ஆயுள் இரு மடங்கு. 105 டிகிரியில் 2,000 மணி நேரம் உழைக்கும் மின்தேக்கியை 55 டிகிரியில் வைத்தால், 10 டிகிரிப் படிகள் ஐந்து; ஆயுள் 32 மடங்கு; 64,000 மணி நேரம். ஏழு ஆண்டுக்கு மேல் இடைவிடாமல் ஓடலாம். மலிவான பெட்டியில் இருக்கும் 85 டிகிரி மின்தேக்கிக்கு மூன்று படிகளே, 8 மடங்கு, 16,000 மணி நேரம். இரண்டு ஆண்டு கூட இல்லை. இரண்டு பெட்டிகளின் மேலும் ‘650 வாட்’ என்றே எழுதியிருக்கும்! விலை வித்தியாசம் எங்கே போகிறது என்று இப்போது தெரிகிறதல்லவா?

மலையில் கணிப்பொறி வைப்பவர்களுக்கு

ஏற்காட்டில் வசிக்கும் மாணவர் ஒருவர் இந்தக் கணிப்பொறியை வாங்கினால், மேலும் சிலவற்றைக் கவனிக்க வேண்டும்.

முதலாவது, காற்று. ஏற்காடு ஊர் சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதைவிடச் சுமார் 15 விழுக்காடு குறைவு. விசிறி ஒரு நிமிடத்தில் தள்ளும் காற்றின் கன அளவு மாறாது. ஆனால் அந்தக் காற்றின் நிறை குறைந்துவிடும். வெப்பத்தைச் சுமந்து செல்வது நிறைதானே? சென்னையில் பெட்டிக்குள் காற்று 15 டிகிரி சூடேறினால், ஏற்காட்டில் சுமார் 17 டிகிரி ஏறும். அப்படியானால் மலையில் கணிப்பொறி அதிகம் கொதிக்குமோ? அவசரப்படாதீர்கள். சென்னை அறையின் வெப்பநிலை 35 டிகிரி என்றால் பெட்டிக்குள் 50. ஏற்காட்டு அறையில் 22 டிகிரி என்றால் பெட்டிக்குள் 39. மெல்லிய காற்றால் வரும் நட்டத்தைக் குளிர்ச்சி ஈடுகட்டி, லாபமும் தருகிறது.

இரண்டாவது, மூடுபனி. ஓடிக்கொண்டிருக்கும் கணிப்பொறி சுற்றியுள்ள காற்றைவிடச் சூடாக இருப்பதால் அதன்மேல் பனி படியாது. ஆபத்து அணைத்து வைத்த கணிப்பொறிக்கே. குளிர்ந்த உலோகத்தின்மேல் ஈரக்காற்று பட்டால் நீர்த்துளிகள் உண்டாகும். இரவில் ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டுக் காலையில் உடனே சுவிட்சைப் போடக் கூடாது. மலையிலிருந்து சேலத்துக்கு எடுத்துச் சென்றாலும், பெட்டி அறையின் வெப்பநிலைக்கு வரும் வரை ஓரிரு மணி நேரம் காத்திருப்பது நல்லது.

மூன்றாவது, எர்த். கணிப்பொறியின் உலோகப் பெட்டியைத் தொட்டால் விரலில் ‘சுருக்’கென்று கூசுவதாகச் சிலர் சொல்வார்கள். காரணம் இது. மின் இரைச்சலை வடிகட்ட, பவர் சப்ளையின் வாயிலில் இரண்டு சிறிய மின்தேக்கிகள் இருக்கும். ஒன்று பேஸ் கம்பிக்கும் உலோகப் பெட்டிக்கும் இடையே. மற்றொன்று நியூட்ரலுக்கும் பெட்டிக்கும் இடையே. எர்த் சரியாக இருந்தால் பெட்டி பூஜ்ய வோல்ட்டில் நிற்கும். எர்த் இல்லாவிட்டால், இரு மின்தேக்கிகளும் 230 வோல்ட்டைப் பாதியாகப் பங்கிட்டு, பெட்டியை ஏறத்தாழ 115 வோல்ட்டில் நிறுத்திவிடும். மின்னோட்டம் மிகச் சிறியது என்பதால் கூச்சத்தோடு முடிகிறது. ஆனால் உள்ளே வேறொரு பழுது நேர்ந்தால், பெட்டியைத் தொடுபவரைக் காப்பாற்ற அங்கே எதுவும் இல்லை.

பாறையும் சரளையும் நிறைந்த மலைநிலம் மின்சாரத்தை எளிதில் கடத்தாது. ஆகவே எர்த் குழியை ஆழமாகத் தோண்டி, கரியும் உப்பும் இட்டு, கோடையில் தண்ணீர் ஊற்றி ஈரம் காக்க வேண்டும். மூன்று முள் பிளக்கின் பெரிய முள்ளை ஒடித்துவிட்டு இரண்டு துளையில் செருகும் பழக்கத்தை இன்றோடு விட்டுவிடுங்கள்.

நான்காவது, மின்னல். கோடை மழையின்போதும் ஐப்பசி மழையின்போதும் மலையில் இடி இறங்குவது சாதாரணம். மின்னல் பக்கத்துக் கம்பியில் இறங்கினாலும் மின்கம்பி வழியே ஆயிரக்கணக்கான வோல்ட் வந்து பாயலாம். எந்த முத்திரை பெற்ற பவர் சப்ளையும் இதற்கு முழு ஈடு கொடுக்காது. வானம் கறுத்து முதல் இடிச்சத்தம் கேட்கும் முன்பே பிளக்கைக் கழற்றிவிடுவதே சிறந்த மருந்து.

யு.பி.எஸ். வாங்கும் கணக்கு

மின்சாரம் தடைப்பட்டால் பவர் சப்ளை எத்தனை நேரம் தாங்கும்? அதன் மின்தேக்கியில் உள்ள சேமிப்பைக் கொண்டு சுமார் 17 மில்லி விநாடி. 50 ஹெர்ட்ஸ் மின்னோட்டத்தின் ஒரு முழு ஊசலுக்கே 20 மில்லி விநாடி ஆகும். ஆக, ஒரு ஊசல் தவறினாலும் கணிப்பொறி அணைந்துவிடலாம். அதற்காகவே யு.பி.எஸ். வைக்கிறோம். அதன் மாற்றுச்சுவிட்சு இந்தச் சிறு இடைவெளிக்குள் பேட்டரிக்குத் தாவிவிடும்.

இங்கும் எண்ணில் ஒரு சூது உண்டு. யு.பி.எஸ். மேல் ‘600 விஏ’ என்று எழுதியிருக்கும். வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கிய எண் அது. உண்மையான வாட் அன்று. சிறிய யு.பி.எஸ்.களில் அதை 0.6-ஆல் பெருக்க வேண்டும். கிடைப்பது 360 வாட். நம் 432 வாட் கணிப்பொறிக்கு, பவர் சப்ளையின் இழப்பையும் சேர்த்தால், சுவரில் வேண்டியது சுமார் 480 வாட்; திரைக்கு இன்னும் 40 வாட். விளையாட்டின் நடுவே மின்சாரம் போனால் 600 விஏ யு.பி.எஸ். கணிப்பொறியைக் காப்பாற்றாது, தானும் சேர்ந்து விழும். 520-ஐ 0.6-ஆல் வகுத்துப் பாருங்கள்: 867. ஆகவே குறைந்தது 1,000 விஏ வேண்டும்.

பொருத்தும்போது

புதிய கார்டுகளுக்கு 16 முனை இணைப்பான் ஒன்று வருகிறது. அது 600 வாட் வரை கடத்தக் கூடியது. 12 வோல்ட்டில் 600 வாட் என்றால் 50 ஆம்பியர். ஆறு முனைகள் பங்கிட்டால் ஒவ்வொன்றிலும் 8 ஆம்பியருக்குச் சற்று மேல். இணைப்பானை முழுவதும் அழுத்திச் செருகாவிட்டால் சில முனைகளில் தொடுகை கெடும். மற்ற முனைகள் அதிகச் சுமையை ஏற்கும். மின்னோட்டம் இரு மடங்கானால் அங்கே உண்டாகும் வெப்பம் நான்கு மடங்கு என்பது ஜூல் விதி. இத்தகைய இணைப்பான்கள் உருகிய செய்திகள் 2022-இல் பல நாடுகளிலிருந்து வந்தன. ‘கிளிக்’ என்னும் ஒலி கேட்கும் வரை செருகுங்கள். வேறொரு பவர் சப்ளையின் கேபிளை இதில் மாட்டாதீர்கள். முனைகளின் வரிசை மாறியிருக்கலாம்.

இன்னொரு முக்கியமான எச்சரிக்கை. பவர் சப்ளையைத் திறந்து பார்க்கும் ஆசை உங்களுக்கு வரலாம். வேண்டாம். பிளக்கைக் கழற்றியபின்னும் உள்ளிருக்கும் மின்தேக்கியில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கக் கூடும். அது உயிரைப் பறிக்கப் போதுமானது.

வீட்டில் செய்து பாருங்கள்

உங்கள் வீட்டிலோ பள்ளியிலோ உள்ள கணிப்பொறியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு தாளில் அதன் உறுப்புகளையும் அவற்றின் உச்ச வாட் அளவையும் எழுதிக் கூட்டுங்கள். பவர் சப்ளையின் அட்டவணையில் 12 வோல்ட்டுக்கு நேரேயுள்ள ஆம்பியரைப் பன்னிரண்டால் பெருக்குங்கள். யு.பி.எஸ். இருந்தால் அதன் விஏ அளவை 0.6-ஆல் பெருக்குங்கள். மூன்று விடைகளையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிப் பாருங்கள். முதல் எண்ணைவிட மற்ற இரண்டும் போதிய அளவு பெரியவையா?

பெரியவை என்றால் கவலையில்லை. சிறியவை என்றால், அடுத்த தடவை புதிய கார்டு வாங்கலாமென்று வீட்டில் பேச்சு எழும்போது, அந்தத் தாளை எடுத்து அப்பா அம்மாவிடம் காட்டுங்கள். முதலில் மாற்ற வேண்டியது எது என்பதை அந்த மூன்று எண்களே சொல்லிவிடும்.